மாதையனின் பத்து நிமிசம்

ஹார்னை இரண்டு முறை விட்டுவிட்டு அடித்துவிட்டு மாதையன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுகிறார். "ஏனுங்க, வாங்க வாங்க! பத்து நிமிசம் ஆயிருச்சுங்க. இன்னும் நாலு பாயிண்ட் கெடக்குது."

லேடீஸ் சீட் என்கிற மலை விளிம்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஈரோட்டுக் குடும்பம் திரும்பிப் பார்க்கிறது. கீழே சேலம் தெரிய வேண்டிய இடத்தில் மேகம் வெள்ளையாக அடைத்துக் கிடக்கிறது. கொஞ்சம் பொறுத்தால் விலகிவிடும் என்று அந்த வீட்டம்மா கெஞ்சுகிறார். "வெலகினாலும் சேலந்தானுங்க தெரியும். நீங்க பாக்காத சேலமா? ஏறுங்க." அவர்கள் கதவைச் சாத்தி முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடுகிறது. அடுத்த வளைவு திரும்பும்போது மேகம் விலகுகிறது. அதை அவர் பார்ப்பதும் இல்லை, சொல்வதும் இல்லை.

ஏற்காட்டுக்கு வருகிறவர்களை ஏரியில் தொடங்கி, பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில் என்று ஒரு சுற்றுச் சுற்றிக்காட்டிக் கொண்டுவந்து விடுவதுதான் மாதையனின் தொழில். ஒண்டிக்கடை ஸ்டாண்டில் அவர் வண்டிக்கென்று ஒரு இடம் உண்டு. வெள்ளைச் சட்டை கசங்காது. நெற்றியில் திருநீறு கலையாது. எந்த பாயிண்ட்டிலும் வண்டியை விட்டு இறங்கவும் மாட்டார். "நானும் எறங்கிட்டா வண்டிய யாரு பாத்துக்கறதுங்க?" என்பார். கிளியூர் அருவியில் தண்ணீர் எப்படி விழும் என்று அவரைக் கேட்டால், வண்டி நிறுத்த எங்கே இடம் இருக்கும் என்று சொல்வார்.

இந்த அவசரம் அவருக்குப் பிறவியில் வந்ததல்ல. இளவயதில் மஞ்சக்குட்டைப் பக்கம் ஷேர் ஜீப் ஓட்டினார். எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏறுவார்கள். நேரம் தவறினால் ஆள் கணக்கு எழுதுகிற ரைட்டர் திருப்பி அனுப்பிவிடுவார், அன்றைய கூலி போச்சு. அந்த ஹார்ன் அப்போது ஒரு உபகாரம். பிறகு ஜீப் போய் டூரிஸ்ட் வண்டி வந்தது, கூலிக்காரர்கள் போய் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள், ஹார்ன் மட்டும் அப்படியே இருந்துவிட்டது. ஊர் பார்க்க வந்தவனை வேலைக்கு விரட்டுவதுபோல் விரட்டுகிறார். யாராவது முனகினால் அவரிடம் நியாயம் தயாராக இருக்கும். "ஒரு பாயிண்ட் விட்டுப்போச்சுன்னு வைங்க, ஊருக்குப் போயி அதத்தான் சொல்லுவாங்க. பாத்தது ஒண்ணையும் பேச மாட்டாங்க. கெட்ட பேரு நமக்கு."

போன மே மாதம் இந்த மனிதர் தன் குடும்பத்துக்கு ஜப்பானைச் சுற்றிக்காட்டினார். திரும்பி வந்த அன்று ஸ்டாண்டில் இன்னொரு வண்டிக்காரரான ஐயாக்கண்ணு, "ஏனுங்க மாமா, ஜப்பான எத்தன மணி நேரத்துல முடிச்சீங்க?" என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். மாதையனும் சிரித்தார். பின் சீட்டில் உட்கார்ந்திருந்த மகள் இளவரசி சிரிக்கவில்லை. இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் அவளுக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். அவள் கோபத்தில் பாதியாவது நியாயம் என்று சொன்னால் அவளுக்குக் குறைவாகப்படும். முழுக்க நியாயம் என்றே சொல்லிவிடலாம்.

இளவரசி சேலத்துக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அண்ணன் கோபி நகோயாவில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போனதிலிருந்து, அவளும் போனிலேயே ஜப்பானிய மொழி படிக்க ஆரம்பித்தாள். அப்படிப் பழக்கமானவள்தான் மிசாகி. மட்சுமோட்டோ என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மலையூர்க்காரி, இவள் வயதுதான். தமிழ்ப் படங்கள் பார்த்துப் பார்த்துத் தமிழ் மேல் ஆசைப்பட்டவள். சனிக்கிழமைகளில் பாதி நேரம் இவள் அவளுக்குத் தமிழ் சொல்லித்தருவாள், மீதி நேரம் அவள் இவளுக்கு ஜப்பானியம் சொல்லித்தருவாள். இரண்டு வருடத்தில் மிசாகி நன்றாகத் தமிழ் பேசினாள். ஆனால் இளவரசியின் தமிழ்தானே அவளுக்கு வரும்? "நொம்ப குளிருங்க இங்க" என்பாள். "ஊட்டுல எல்லாரும் சொகந்தானுங்களா?" என்று கேட்பாள். இருவர் ஊரும் மலை, இருவர் ஊருக்கும் சீசனில் வெளியூர்க் கூட்டம். மிசாகியின் அம்மா ஒரு விடுதியில் அறை ஒழுங்கு செய்கிற வேலை பார்த்தாள். இதெல்லாம் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லாத சிநேகிதி ஒருத்தி கிடைப்பது சின்ன விஷயமா?

கோபி டிக்கெட் போட்டு அழைத்தபோது மாதையன் முதலில் முரண்டு பிடித்தார். மே மாதம் சீசன். ஏற்காட்டில் வண்டி வைத்திருக்கிறவன் மே மாதத்தில் சொந்தக் கல்யாணத்தைக்கூடத் தள்ளிவைப்பான். கடைசியில், அங்கேயும் தானே வண்டி ஓட்டலாம் என்று தெரிந்ததும் சம்மதித்தார். புறப்படுமுன் இளவரசி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்கப்பா. மிசாகி ஊட்டுல ஒரு சாயங்காலம் முழுக்க இருக்கணும். அது மட்டும்."

"அதுக்கென்ன கண்ணு? போட்டுருவோம்."

அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார் என்று அவள் நினைத்தாள். அவர் பாயிண்ட்டில் ஒன்று சேர்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

கோபிக்கு முதல் இரண்டு நாள்தான் லீவு. பிறகு வாடகைக் காரைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். இன்டர்நேஷனல் லைசென்ஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாதையன் ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஜப்பானிலும் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள் என்பதில் அவருக்கு ஏகப்பட்ட திருப்தி. "நல்ல ஜனங்க" என்றார். முன் சீட்டில் இளவரசி போர்டுகளைப் படித்து வழி சொன்னாள். பின் சீட்டில் அம்மா கனகா.

கியோட்டோவில் ஒரு கோயிலுக்குப் பத்து நிமிசம். இன்னொரு கோயிலுக்குப் பத்து நிமிசம். நாராவில் மான்கள் மனிதர்களோடு சரிசமமாக நடமாடுகின்றன. பிஸ்கட்டைக் காட்டினால் தலையைத் தாழ்த்துகின்றன. கனகா இதைக் கண்டதும் சின்னப்பிள்ளையாகிப் போனாள். பார்க்கிங்குக்கு ஓட்டமாக வந்து, "ஏனுங்க, மானு கும்புடுதுங்க! வந்து பாருங்க!" என்று கூப்பிட்டாள். "சரி சரி, ஏறு" என்றார் அவர். அவள் கையில் மீதி பிஸ்கட் அப்படியே இருந்தது. ஃபூஜி மலையை மேகம் மூடியிருந்தபோது, "வெலகட்டுங்கப்பா, கொஞ்சம் இருக்கலாம்" என்று இளவரசி மன்றாடினாள். இருக்கவில்லை. ஏரிக்கரையைத் தாண்டியதும் மலை பளிச்சென்று பின்னால் எழுந்து நின்றது. கனகா கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். உலகமே தேடி வந்து பார்க்கும் மலையை ஒரு பெண் கழுத்து வலிக்க, ஓடும் காரின் பின் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும் என்று என்ன தலையெழுத்து!

மாதையன் ஜப்பானில் பார்த்ததெல்லாம் பார்க்கிங். அதில் அவருக்குக் குறையும் இல்லை. பெண்டாட்டிக்கும் மகளுக்கும் ஒரு பாயிண்ட் விடாமல் காட்டிவிட வேண்டும் என்று நெஞ்சார நினைத்தார். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நெஞ்சார நினைத்துக்கொண்டே ஒருவர் இத்தனை கொடுமை செய்ய முடியுமா என்று இளவரசி உள்ளுக்குள் கொதித்தாள். மிசாகி வீடு வரட்டும் என்று பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள்.

அந்த நாளும் வந்தது. ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே குறுகலான தெரு. வீட்டு வாசலிலேயே மிசாகி காத்துக்கொண்டு நின்றாள். கனகா கதவில் கை வைத்தபோது, "நீ எதுக்கு எறங்கற? அவ இப்ப வந்துருவா" என்றார் மாதையன். கனகா கையை எடுத்துவிட்டாள். இளவரசி அதைக் கேட்டும் கேட்காதவளாக உள்ளே ஓடினாள்.

இரண்டு வருடம் முகம் பார்த்துப் பேசியவர்கள் நேரில் உட்கார்ந்ததும் ஊமையாகிவிட்டார்கள். மிசாகி போனில் தெரிந்ததைவிட உயரமாக இருந்தாள். ஒருத்தி ஏதோ கேட்க, இன்னொருத்தி தலையாட்ட, இருவருக்கும் வெட்கம். அடுப்பில் தக்காளிச் சோறு வெந்துகொண்டிருந்தது. ஏற்காட்டிலிருந்து இளவரசி போனில் சொல்லச் சொல்ல மிசாகி பல தடவை குழைத்தும் கருக்கியும் கற்றுக்கொண்ட சோறு. இன்றைக்கு இளவரசியின் அம்மாவும் அப்பாவும் சாப்பிடுவார்கள் என்று காலையிலிருந்து ஏற்பாடு. "உப்பு கொஞ்சம் தூக்கலாப் போயிருச்சுங்க, திட்டாதீங்க" என்றாள் மிசாகி. அப்போதுதான் இளவரசிக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் பேச்சே ஆரம்பித்தது.

அப்போதுதான் ஹார்ன் அடித்தது. இரண்டு முறை, விட்டுவிட்டு.

அந்தத் தெருவில் அதற்குமுன் யாராவது ஹார்ன் அடித்திருப்பார்களா என்பது சந்தேகம். எதிர்வீட்டுக் கிழவர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். மிசாகி பதறிப்போய் ஜன்னலுக்கு ஓடினாள். "என்னங்க ஆச்சு? யாருக்காவது அடிபட்டுருச்சுங்களா?"

"இல்ல. எங்கப்பா கூப்புடறாரு" என்று சொல்வதற்குள் இளவரசிக்கு உயிர் போய் வந்தது. வெளியே வந்தவள் காரின் ஜன்னலருகே நின்றாள்.

"பத்து நிமிசம் ஆயிருச்சு கண்ணு. நாலரைக்கு மேல மட்சுமோட்டோ கோட்டைக்குள்ள உட மாட்டாங்கன்னு நீதான சொன்ன? அது பெரிய பாயிண்ட்டு."

"ஒரு சாயங்காலம்னு கேட்டனே, சரின்னீங்களே?"

"வந்தாச்சல்ல? பாத்தாச்சல்ல?"

"பாக்கறதுக்கு இது பாயிண்ட் இல்லைங்கப்பா. ஊடு." அவள் வீட்டைக் கையால் காட்டினாள். "அங்க உங்களுக்காகச் சோறாக்கிட்டு இருக்கறா. நீங்க வாசல்ல நின்னு ஹாரன் அடிக்கறீங்க. எஸ்டேட்டுக்கு ஆள் ஏத்தவா வந்தீங்க? எனக்குக் கோட்டையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீங்க போயிப் பாத்துட்டு வாங்க."

"போர்டு படிக்கறது யாரு?"

"பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

ஏற்காட்டில் மூடுபனியிலும் சந்து பொந்து தவறாத மனிதர், அங்கே ஒரு தெருவைத் தாண்ட வழி தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபத்தில் இன்னொரு முறை ஹார்ன் அடித்தார்.

இந்தத் தடவை வெளியே வந்தவள் மிசாகி. இடுப்பில் சமையல் ஏப்ரன், கையில் கரண்டி. குனிந்து வணங்கிவிட்டு நேராகப் பின் கதவுக்குப் போனாள்.

"ஏனுங்கம்மா, எறங்குங்க. சோறு வெந்துருச்சுங்க."

எல்லாப் பக்கமும் புரியாத பேச்சையே கேட்டுக்கொண்டு வந்த கனகா, கிளியூர் ரோட்டில் பக்கத்து வீட்டுக்காரி கூப்பிடுகிற அதே பேச்சை ஒரு ஜப்பான்காரி வாயில் கேட்டுத் திகைத்துப் போனாள். கணவரின் முதுகைப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்தாள்.

"நீ எங்க போற?"

"கூப்புடறாங்கல்ல? நீங்க போறதுன்னா போயிட்டு வாங்க. நானு புள்ளையோட இருக்கறேன்" என்றாள் கனகா. அவரிடம் அவள் அனுமதி கேட்காமல் இறங்கிய முதல் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

மிசாகி முன் ஜன்னலுக்கு வந்தாள். "ஏனுங்கப்பா, நீங்களும் வாங்க. ஊடு வரைக்கும் வந்துட்டு வாசல்லயே உக்காந்திருந்தா எங்களுக்கு நல்லா இருக்குங்களா?"

"இல்ல கண்ணு, நேரமாச்சு, வண்டிய வேற..." என்று ஆரம்பித்தவர், தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தார். எதிர்வீட்டுக் கிழவரைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை.

மிசாகி உள்ளே போகவில்லை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். கனகாவும் நின்றாள். வாசற்படியில் இளவரசி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கோபம் துளியும் தணியவில்லை. வா என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கோட்டை மூடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

மாதையன் இன்ஜினை அணைத்து, சீட் பெல்ட்டைக் கழற்றினார். மேலிருந்த கண்ணாடியைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி, சட்டைப்பையிலிருந்து சின்னச் சீப்பை எடுத்து, வகிடு எடுத்துத் தலை சீவ ஆரம்பித்தார்.