ஒரே ஒரு மாணவி இருந்த கிரேக்க வகுப்பு

1. மூடச் சொன்ன வகுப்பு

திருவனந்தபுரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் அயல்மொழிப் பிரிவில் நான் அசிஸ்டெண்டாக இருந்தேன். அட்மிஷன், ஃபீஸ் ரசீது, அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர், இவைதான் என் வேலை. ஜெர்மன் வகுப்புக்கு நர்ஸ் வேலைக்குப் போகிற பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். நவீன கிரேக்கம் அந்த வருடம்தான் புதிதாகத் தொடங்கியது. கிரீஸோடு செய்த ஒப்பந்தப்படி அங்கிருந்து எலெனி என்ற ஆசிரியை வந்திருந்தாள். வயது முப்பதுகூட இருக்காது. சேர்ந்த சில பிள்ளைகளும் ஓணம் லீவு முடிந்ததும் ஜெர்மனுக்கு மாறிவிட்டார்கள்.

செக்‌ஷன் ஆபீசர் மாதவன் சார் என்னைக் கூப்பிட்டார். என்னிடம் மட்டும் தமிழில்தான் பேசுவார், மலையாளம் கலந்த அவர் பாணித் தமிழில்.

"கோமதி சேச்சி, பிள்ளேரு இல்லாத கிளாஸுக்கு எதுக்கு ரூமு? அந்த டீச்சர்கிட்டே ஒரு ஒப்பு வாங்கிட்டு ஃபைலை க்ளோஸ் பண்ணிருங்கோ, கேட்டோ."

வகுப்பு நின்றால் எலெனியின் வேலையும் நிற்கும். தாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். காலி பெஞ்சுகளைப் பார்த்து அவள் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வெட்கப்பட்டு நிறுத்தினாள்.

"யாருக்கு நடத்துறே?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"யாருக்கும் இல்லை. தினமும் கொஞ்ச நேரமாவது என் மொழியில் சத்தமாகப் பேசாவிட்டால், நான் இங்கே இருப்பதே எனக்கு மறந்துபோகிறது" என்றாள்.

எனக்கு அது புரிந்தது. வீட்டில் எனக்கிருந்த ஒரே துணை அம்மா. அதற்கு முந்தைய வருடம் அவளும் போய்விட்டாள். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் தமிழ்க் குடும்பங்கள் உண்டுதான், ஆனால் வாசலில் "சௌக்யமா?" என்பதோடு சரி. ஆபீஸில் நாள் முழுக்க மலையாளம். சில ஞாயிற்றுக்கிழமைகள் நான் வாயே திறக்காமல் கழிந்திருக்கின்றன.

கையெழுத்து வாங்கவில்லை. கீழே வந்து, மாணவர் சேர்க்கைப் படிவத்தில் என் பெயரை எழுதி மாதவன் சார் மேஜையில் வைத்தேன்.

"ரிட்டயர் ஆகப்போற நேரத்துல கிரேக்கமா? உங்களுக்கு என்ன பற்றிச்சு சேச்சி?"

"ஸ்டாஃப் சேரக் கூடாதுன்னு ரூல் இல்லையே சார்" என்றேன். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

2. அவளுடைய அப்பா

ஆபீஸ் முடிந்ததும் வகுப்பு. எழுத்துகள் பிடிபடவே ஒரு மாதம் ஆனது. "நே" என்றால் அவர்கள் மொழியில் "ஆமாம்". ஆங்கில "நோ" மாதிரி எனக்கு அது "இல்லை" என்றே காதில் விழும். காபி கேட்க, டிக்கெட் வாங்க, மழை வருகிறது என்று சொல்லப் படித்தேன். பாடம் முடிந்தால் அவள் விடுதிக்குப் போவாள். நான் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடப்பேன். அதற்கு மேல் எங்களுக்குள் பழக்கம் வளரவில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் அவள் வரவில்லை. மாதவன் சார் தயங்கியபடி என் மேஜைக்கு வந்தார்.

"டீச்சரோட அச்சன் மரிச்சுப் போயாச்சாம். நாளைக்கே அடக்கமாம். ஃப்ளைட் புடிச்சாலும் எத்தாது. நாங்க எல்லாரும் போயி சாரி சொல்லியாச்சு. நீங்க ஒண்ணு போயி பாருங்கோ சேச்சி."

விடுதி அறையில் எலெனி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. துக்கத்துக்கு என்ன சொல்வது என்று எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. எனக்குத் தெரிந்ததிலெல்லாம் தேடினேன். அப்போதுதான் இறந்தகாலம் படிக்கத் தொடங்கியிருந்தோம். அதில் ஒரு வாக்கியம் கிடைத்தது.

"போஸ் தொன் எலெகன்?" அவர் பெயர் என்ன?

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பெயரைச் சொன்னாள். பிறகு உடைந்து அழுதாள். அழுதுகொண்டே கிரேக்கத்தில் பேசத் தொடங்கினாள். படகு, கடல், ரொட்டி, குளிர், இப்படி அங்கங்கே ஒரு சொல்தான் எனக்குப் பிடிபட்டது. மற்றதெல்லாம் என்னைத் தாண்டிப் போயிற்று. அவள் நிறுத்திய இடங்களில் "நே, நே" என்றேன். இருட்டும்வரை பேசினாள்.

3. வினைச்சொல்

சில வாரங்கள் கழித்து, வகுப்பில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவள் என்னைக் கேட்டாள்: "உங்கள் அம்மாவின் பெயர் என்ன?"

அம்மா போனதை ஆபீஸில் யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பெயரை அங்கே யாரும் கேட்டதில்லை. நானும் யாரிடமும் பேசியதில்லை. தமிழில் சொல்ல அத்தனை சொற்கள் இருந்ததால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாது. கிரேக்கத்தில் என்னிடம் சின்னச் சின்னச் சொற்கள்தான் இருந்தன. அதனால் சொல்ல முடிந்தது.

"அம்மா பெயர் பர்வதம். அம்மாவுக்குக் காபி பிடிக்கும். அம்மா கோபக்காரி. அம்மா சமையலறையில் பாடினாள். அம்மா இறந்த காலையில் நான் பால் வாங்கப் போயிருந்தேன்."

எலெனி ஒரு இடத்தை மட்டும் திருத்தினாள். "பாடினாள் என்று நீங்கள் சொன்னது, ஒரே ஒரு முறை பாடியதற்கு. தினமும் பாடுவாள் என்றால் வினை வேறு." போர்டில் எழுதிக் காட்டினாள்.

அந்த வினையைத் திரும்பச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அம்மா போய் முதன்முதலாக அழுதது அன்றுதான்.

ஒப்பந்தம் முடிந்து எலெனி ஊருக்குப் போனாள். அதைப் புதுப்பிக்கவில்லை. வகுப்பை மூடுவதற்கான ஆபீஸ் நோட்டை நான்தான் எழுதினேன். இப்போது எப்போதாவது அவள் போன் பண்ணுவாள். மற்ற நாட்களில் வீடு பழையபடிதான்.

செக்‌ஷனுக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: மூடச் சொல்லி ஒரு ஃபைல் வந்தால், தாளோடு நீங்களே மாடிக்குப் போங்கள். அங்கே யாராவது தனியாகப் பேசிக்கொண்டிருந்தால், கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்காருங்கள்.