நெருங்கி வந்த பின்பாக்கெட்டுகள்

பிளேடின் பாதித் துண்டு கால்சட்டையின் பின்புறத் தையலுக்குள் நுழைந்து நூலை மட்டும் அறுத்துக்கொண்டு மேலேறியது. துணியில் ஒரு கீறல்கூட விழவில்லை. இடது கை தையலின் இருபுறத்தையும் விரித்துப் பிடித்திருக்க, வலது கை அறுந்த நூலைக் கிள்ளிக் கிள்ளி எடுத்துப் போட்டது. இடுப்புப் பட்டியை நெருங்கியதும் இரண்டு கைகளும் நின்றுவிட்டன.

அங்கே இன்னொரு தையல் இருந்தது. அவள் போட்டதல்ல.

கால்சட்டையைத் தைத்தது அவள்தான். தம்பிக்காகத் தைத்தது. பிறகு பிரித்துப் பெரிதாக்கலாம் என்று உள்ளே தாராளமாகத் துணி விட்டிருந்தாள். யாரோ இடுப்பைச் சின்னதாகப் பிடித்து, அந்தத் துணியையும் கத்தரித்து எறிந்திருந்தார்கள். திருப்பிப் பார்த்தாள். பின்பாக்கெட்டுகள் இரண்டும் ரகசியம் பேச வந்தவர்கள்போல ஒன்றையொன்று நெருங்கி நின்றன.

தையல் கடை வைத்திருக்கும் அவளைத் தெருவில் ‘மிஷினக்கா’ என்பார்கள். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் தம்பி, இடுப்பை இன்னும் பிடித்துத் தரச் சொல்லி அதைக் கொடுத்துவிட்டு, கடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“டேய், எவன்டா இதை இப்படிக் கொத்திப் போட்டவன்?”

“பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடைக்கா. அவசரமா இருந்துச்சு.”

“அவசரமா? உன் இடுப்பு என்ன பஸ்ஸைப் பிடிக்கவா ஓடுது?”

அவன் சிரித்தான். “ஏணி ஏறி இறங்குற பொழப்பு. இளைக்காம பின்ன பெருத்தா போவேன்?”

“எந்திரி.”

டேப்பை இடுப்பில் சுற்றினாள். சுற்றியதும் அவன் மூச்சை இழுத்து வயிற்றை வெளியே தள்ளினான். அளவெடுக்கும்போது எல்லாரும் வயிற்றை உள்ளேதான் இழுப்பார்கள். வெளியே தள்ளிய ஆளை அவள் வாழ்க்கையில் இதற்குமுன் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறாள்.

எதிரே ஆளுயரக் கண்ணாடி இருந்தது. அவள் நிமிரவில்லை. நிமிர்ந்தால் அங்கே செத்துப்போன புருஷன் நிற்பார். நின்று, சட்டையை இழுத்துவிட்டு, அரை வட்டம் திரும்பி, “பாரு, நல்லாத்தானே இருக்கேன்?” என்பார்.

அவர் அச்சகத்தில் வேலை பார்த்தவர். இளைக்கத் தொடங்கிய நாளில், “தொளதொளன்னு இருக்கு, கொஞ்சம் பிடிச்சுக் குடேன்” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். பிடித்துக் கொடுத்தாள். மறுபடி கேட்டார். மறுபடி பிடித்தாள். பாக்கெட்டுகள் நெருங்கியபோது அவற்றைப் பிரித்தெடுத்துத் தள்ளி வைத்துத் தைத்தாள். சட்டைத் தோளைக் குறுக்கி வெட்டினாள், காலரை மாற்றினாள். தையல் தெரியாமல் தைப்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. உடம்போடு பொருந்திய உடுப்பில் எவனும் இளைத்தவனாகத் தெரிவதில்லை. அக்கம்பக்கத்தார், “மாப்பிள்ளை மாதிரி இருக்காரே” என்றார்கள். வெட்டி எடுத்த துணுக்குகளெல்லாம் அவள் உட்காரும் மெத்தைக்குள் அடைந்து கிடக்கின்றன. இன்றைக்கும் அதன்மேல்தான் உட்கார்ந்து தைக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் அவருக்குத் தொளதொளத்த அங்கி ஒன்றை மாட்டிவிட்டபோதுதான் அவர் உடம்பை உள்ளது உள்ளபடி அவள் முதல்முறையாகப் பார்த்தாள். எச்ஐவி என்றார்கள். ரொம்பத் தாமதம் என்றார்கள். மாத்திரை ஆரம்பித்தார்கள். ஆள் தேறினார், முகத்தில் களை வந்தது. நல்லாகிவிட்டேன் என்று அவராகவே மாத்திரையை விட்டார். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

அவளுக்கும் அப்போதே சோதித்துப் பார்த்தார்கள். இருந்தது. “சீக்கிரம் தெரிஞ்சிருக்கு. விடாம சாப்பிட்டா மத்தவங்களுக்கு வயசாகிற மாதிரி உங்களுக்கும் ஆகும்மா” என்றார் டாக்டர். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தாள். மாத்திரையை மட்டும் விடவில்லை. ஆனாலும் ரொம்ப நாள் வரை பெரிய நூல்கண்டு வாங்கியதில்லை. தீர்ப்பதற்குள் போய்விடுவோமே என்று சின்னதாகவே வாங்கினாள். ஒருநாள் முட்டி வலிக்கிறது, ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை என்று பயந்துகொண்டு போனாள். டாக்டர் சிரித்துவிட்டார். “அது நோய் இல்லம்மா. வயசு.” வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் நெடுநேரம் அழுதாள்.

டேப்பைச் சுருட்டினாள். இளைத்ததை மறைக்கிறவனுக்குக் காரணமும் தெரிந்திருக்கும். “எப்படா டெஸ்ட் எடுத்தே?”

தம்பி மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்து டீ கிளாஸின் அடியையே பார்த்தான். “என்ன டெஸ்ட்டு?”

“அக்காகிட்டயேவா?”

கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். “வேலை நடந்த இடத்துல கேம்ப் போட்டாங்க. இருக்குன்னுட்டாங்க. வந்து மாத்திரை வாங்கிக்கச் சொன்னாங்க.”

“வாங்கலையா?”

“வேணாம்கா. மச்சான் மாத்திரைய ஆரம்பிச்ச பிறகுதானே போனாரு. அதுவரைக்கும் நல்லாத்தானே இருந்தாரு. நாமதான் பாத்தோமே.”

நாமதான் பாத்தோமே. அவள் தைத்ததைத்தான் எல்லாரும் பார்த்திருந்தார்கள். இவனும்.

“நல்லா இல்லடா. நல்லா இருக்கிற மாதிரி நான் தைச்சுக் குடுத்தேன். உள்ள ஆளு கரைஞ்சுக்கிட்டே இருந்தாரு, நான் மேல மேல பிடிச்சுக்கிட்டே இருந்தேன். இப்படி இடுப்பைப் பிடிச்சுப் பிடிச்சே ஒருத்தரை அனுப்பி வச்சுட்டேன்.”

“ஏங்கா இப்படியெல்லாம் பேசுற...”

“மாத்திரையால போகல. லேட்டா ஆரம்பிச்சு, பாதியில விட்டதால போனாரு. நானும் தினம் அதைத்தானே முழுங்குறேன், செத்தா போயிட்டேன்?”

“உன்னைக் கூட்டிட்டுப் போக எமனே பயப்படுவான்.”

“நான் ஒருநாள் மாத்திரைய மறக்கட்டும், அப்புறம் பாரு அவன் தைரியத்தை. போன தடவை ரத்தத்துல கிருமியத் தேடிப் பாத்துட்டு, கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கிக் கிடக்குன்னாங்க. ஒழிஞ்சு போகல, அடங்கிக் கிடக்கு. விட்டா எந்திரிச்சுக்கும்.”

அவன் ஸ்டூலின் விளிம்பைச் சுரண்டினான். “ஒரு நாளைக்கு எத்தனை?”

“ஒண்ணு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். ஆனா ஆயுசுக்கும்.”

அவன் எழுந்து வாசலைப் பார்த்தபடி நின்றான். “சரிக்கா, யோசிக்கிறேன். அதை முதல்ல பிடிச்சுக் குடு. நாளைக்குப் புது சைட்டு.”

“நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு வா. அங்க வச்சுத் தரேன்.”

“வரலைன்னா?”

“உனக்கு இனி எந்த உடுப்பையும் நான் பிடிக்க மாட்டேன். பஸ் ஸ்டாண்டுக்காரன் பிடிப்பான். அவனுக்கு நீ யாரோ.”

அவன் வாசலில் இறங்கிப் போனான். அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்து, அந்நியத் தையலை முழுக்கப் பிரித்தாள். உள்ளே பிரித்துவிடத் துணியே மிச்சமில்லை. அதே நிறத்தில் துணி தேடி எடுத்து, மேலே அகன்று கீழே கூரான ஒரு துண்டை வெட்டி, பின்புறத்தில் வைத்து இணைத்தாள். நெருங்கியிருந்த பாக்கெட்டுகள் விலகித் தத்தம் இடத்துக்குப் போயின. கண்ணாடியில் யாரோ அரை வட்டம் திரும்புவதுபோல் இருந்தது. அவள் தலையைத் தூக்காமல் ஓரத்தை அடித்து முடித்தாள்.

காலையில் ஆஸ்பத்திரி பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வரிசை நகர்ந்தது; உள்ளே போனவர்கள் வெளியே வந்தார்கள். தொளதொளத்த அங்கி போட்ட ஒரு மனிதர் சுவரைப் பிடித்தபடி அவளைக் கடந்து போனார். அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் தரையைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது தம்பி வரிசையின் கடைசியில் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை.

அவன் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தபோது கையில் மாத்திரை டப்பா இருந்தது. அவள் பையிலிருந்து கால்சட்டையை எடுத்து நீட்டினாள். அவன் அதை இடுப்பில் வைத்துப் பார்த்தான்.

“என்னக்கா, கழண்டு விழுமே. பாக்குறவன் கேக்க மாட்டானா, என்னடா இப்படி ஆயிட்டேன்னு?”

“கேக்கட்டும்டா.”

அவன் டப்பாவைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கால்சட்டையை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.