தறி நின்ற வீடு

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான் என்பதால், ஆஸ்பத்திரிக்கு யார் போனாலும் துணைக்கு நான்தான். அப்படி மாமாவோடு போனபோது, டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு மனநல மருத்துவரின் வாசல் பெஞ்சில் ஒருவரைப் பார்த்தேன். ராணுவத்திலிருந்து ஊர் திரும்பியவர். ஒட்ட வெட்டிய நரைமுடி; சட்டையில் மடிப்பு கலையவில்லை. வலது கை மட்டும் தொடையில் ஓயாமல் தாளம் தட்டிக்கொண்டிருந்தது.

அவர் மனைவி என்னிடம் சொன்னார்: “எடப்பாடியில ஊட்டோட தறிங்க. சத்தம் இவருக்கு ஆகாதுன்னு ஓட்டறதையே நிறுத்திப்போட்டேன். அப்பவும் தூக்கமில்லீங்க.”

அந்தம்மா தண்ணீர் பிடிக்கப் போனதும் அவர் என் பக்கம் சாய்ந்தார்.

“சத்தம் ஒண்ணும் பண்ணாது சாமி. எல்லையில திடீர்னு எல்லாம் அமைதியாச்சுன்னாத்தான், அடுத்தது குண்டு உழுகும். தறி ஓடுனாத்தான் எனக்குத் தூக்கமே.”

“அக்காகிட்டச் சொல்லலாமுங்களே?”

“பொழப்பையே உட்டுப்போட்டு நிறுத்தியிருக்கறா. எந்த வாயால சொல்றது?”

உள்ளே கூப்பிட்டார்கள். கதவுவரை போனவர் நின்றார். தட்டிய கையும் நின்றது.

“ஏம்புள்ள, இன்னைக்கு நீயும் உள்ள வா” என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார். அந்தம்மா பாட்டிலைக்கூட மூடாமல் ஓடினார்.

எடப்பாடி வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் தறிச்சத்தம் கேட்கிறது. அதில் ஒன்று அவர் வீட்டுத் தறியாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.