இரண்டாவது கோப்பைக்கு ஒரு திரை

“இன்னா தங்கச்சி, பெரிய கப்புல எடம் கெடைக்காதவனுங்க ஆடுற கப்பு இது. இதுக்குப் போயி ஸ்கிரீன் கட்டச் சொல்றியே?” என்றார் எங்கள் கால்பந்து ரசிகர் மன்றத் தலைவர். ஆவடி குவார்ட்டர்ஸ் மைதானத்தில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கோப்பை இறுதிப் போட்டிக்கு இதே மைதானத்து வேப்பமரத்தில் திரை கட்டிப் பட்டாசு வெடித்தவர் அவர். நம் ஊர் கிளப் முதன்முறையாக ஆசியாவின் இரண்டாம் நிலைக் கோப்பையில் ஆடினால் மட்டும் இளக்காரமா?

“அதுவும் ரெண்டாவது கப்புதானே அண்ணா?” என்று கேட்டேன்.

“அது வேற லெவல்மா. அவனுங்க ஆட்டம் எங்க, நம்ம ஆட்டம் எங்க!”

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தபோது அப்பா தெருவுக்கே லட்டு கொடுத்தார். முதலிடம் யாருக்கு என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அதுவரை எங்களில் யாரும் தொடாத இடம் அது. கிளப்புக்கு இந்தக் கோப்பையும் அப்படித்தான்.

மன்றம் கடைசிவரை மசியவில்லை. நானே புரொஜெக்டரை வாடகைக்கு எடுத்துவிட்டேன். அப்பாவின் வெள்ளை வேட்டிகளை ஒன்றாகச் சேர்த்துத் தைத்து, அதே வேப்பமரத்தில் இன்று காலையே கட்டிவிட்டேன்.