வர வேண்டாம் என்று சொன்ன வாய்தாக்கள்

வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் அஞ்சலை ஒருநாள் கையில் ஒரு காகிதத்தோடு எங்கள் ஆபீசுக்கு வந்தாள். "அண்ணே, கோர்ட்டுலேருந்து அமீனா வந்தாரு. வீட்டக் காலி பண்ணச் சொல்றாரு. கேஸே இன்னும் முடியலியே?" என்றாள்.

கேஸ் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

புதுச்சேரியில் ஒரு வக்கீலிடம் நான் முப்பத்தோரு வருடம் குமாஸ்தா. அவரைச் சீனியர் என்போம். வாய்தா தேதி குறிப்பது, கேஸ் கட்டு எடுத்து வைப்பது, கட்சிக்காரர்களுக்குப் போன் செய்வது என் வேலை. அஞ்சலையின் வீடு தன் மனையில் நிற்கிறது என்று பக்கத்து மனைக்காரர் வழக்குப் போட்டிருந்தார். அவள் பக்கம் பலமான ஆதாரம் இருந்தது. மாமனார் பெயரில் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பத்திரம். அதன் ஒரிஜினலையே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். நான் ரசீது எழுதித் தரவில்லை, அவளும் கேட்கவில்லை.

பிரெஞ்சில் இருந்ததால் அதை மொழிபெயர்க்க வேண்டும். "டிரான்ஸ்லேஷன் வந்ததும் பதிலுரை போட்டுடலாம்யா" என்றார் சீனியர். அனுப்பினால்தானே வரும்? பத்திரம் கட்டுக்குள்ளேயே கிடந்தது. பதிலுரை போடாததால் எக்ஸ்பார்ட்டி ஆகி, அவள் பக்கம் கேட்காமலே தீர்ப்பும் அவளுக்கு எதிராக வந்துவிட்டது. "அப்புறம் செட் அசைட் போட்டுக்கலாம். அந்தம்மாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதே" என்றார். தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கும் அந்த மனு போட முப்பது நாள்தான். அதுவும் போனது.

மாதாமாதம் அவள் போன் செய்வாள். "நான் வரணுமாண்ணே?"

"வாணாம்மா, வாய்தாதான். ஐயா பாத்துப்பாரு."

வியாபாரம் கெடாமல் நாங்கள் பார்த்துக்கொள்வதாக அவள் நினைத்தாள். கோர்ட்டுக்குக் கூப்பிடாமல் இருந்தால் கேஸ் நல்லபடி போகிறது என்று நம்பும் கட்சிக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நம்பிக்கையில் சோம்பேறி ஆபீஸ்கள் குளிர்காய்கின்றன. எங்களுடையதும் அப்படித்தான்.

காகிதத்தைப் பார்த்த பிறகும் சீனியர் பதறவில்லை. அஞ்சலை தன் கேஸ் கட்டைக் கேட்டாள். "தேடணும்மா, ரெண்டு நாள் கழிச்சு வா" என்றார். நோ அப்ஜெக்‌ஷன் என்று சீனியர் எழுதித் தராமல் வேறு வக்கீல் கேஸைத் தொடமாட்டார் என்று பயந்து அவள் இரண்டு வாரம் எங்கள் ஆபீசுக்கு நடந்தாள். பழைய வக்கீல் மறுத்தாலும் கோர்ட்டில் அனுமதி கேட்டுப் புது வக்கீல் வக்காலத்து போடலாம். கட்டு கிடைக்காவிட்டால் காப்பி மனு போட்டு கோர்ட்டிலிருந்தே நகல் வாங்கலாம், தாக்கல் செய்யாத பத்திரம் மட்டும் அப்படிக் கிடைக்காது. கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி இருக்கிறது. பார் கவுன்சிலில் புகாரும் கொடுக்கலாம், ஆனால் அது வக்கீலைத்தான் தண்டிக்கும், தீர்ப்பை மாற்றாது. அதனால் முதலில் தீர்ப்பை மாற்றத்தான் ஓட வேண்டும். இவ்வளவும் தெரிந்த நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். வெட்கக்கேடு.

கடைசியில் ரெட்டியார்பாளையத்திலிருந்து ஒரு இளம் பெண் வக்கீல் கேஸை எடுத்தார். தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனு போட்டார். என்னை வெளியே கூப்பிட்டு, "வர வேணாம்னு நீங்கதான சார் சொன்னீங்க? அதை ஒரு அஃபிடவிட்டா குடுங்க, போதும்" என்றார்.

"ஐயாகிட்ட சம்பளம் வாங்குறவன்மா நான்" என்றேன்.

மனு விசாரணைக்கு வந்த அன்று கோர்ட்டில் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். "எட்டு மாசமா ஏன் வந்து விசாரிக்கல?" என்று ஜட்ஜ் கேட்டார்.

"வர வாணாம்னு சொன்னாங்க ஐயா."

"யார் சொன்னது?"

அஞ்சலை திரும்பி என்னைப் பார்த்தாள். "ஆபீஸ்ல" என்றாள்.

மனு தள்ளுபடி ஆனது. மேல்முறையீட்டிலும் நிற்கவில்லை. மனு தள்ளுபடியான அன்று கோர்ட்டுக்கு வெளியே வந்ததும் என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா உங்களுக்கு வேல போயிடுமேண்ணே" என்றாள். என் வேலை ஓய்வு பெறும்வரை இருந்தது. அவள் இப்போது அரியாங்குப்பத்தில் வாடகைக்கு இருக்கிறாள், கடற்கரைக்கு விடியுமுன் பஸ் பிடிக்கிறாள்.

இப்போதெல்லாம் கேஸ் நம்பரைப் போட்டால் போனிலேயே வாய்தா தெரிகிறது. பாருங்கள். பத்திரத்தின் நகலை மட்டும் கொடுங்கள். ஆபீசில் வர வேண்டாம் என்றால் அன்றைக்கு அவசியம் போங்கள். சொன்னது யார், என்றைக்கு என்று எழுதி வையுங்கள். ஜட்ஜ் கேட்டால் அந்த ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் பெயரைச் சொல்லிவிடுங்கள்.