விரல் அக்கா

ஜன்னலுக்கு உள்ளே ஒரு பெண், முன்பின் தெரியாத ஒருவரின் கட்டைவிரலைப் பிடித்து, ஈரத்துணியால் துடைத்து, ஊதிக் காயவைத்துக்கொண்டிருக்கிறார். "பயப்படாதீங்க அண்ணே, விரலத் திருப்பித் தந்திடுவேன்" என்கிறார். வரிசை சிரிக்கிறது. காலையிலிருந்து இது இருபதாவது விரல். இந்த வேடிக்கையும் இருபதாவது முறை.

மருத்துவமனையின் மூன்றாம் ஜன்னலில் உட்காரும் இவரை எல்லாரும் விரல் அக்கா என்றுதான் அழைக்கிறார்கள். வேறு மருத்துவமனையில் இருக்கும் நோயாளியின் பழைய குறிப்புகளை வரவழைப்பது இவர் வேலை. கடிதம் எழுதிக் காத்திருந்த காலம் போய்விட்டது. இப்போது மருத்துவமனைகளுக்கு இடையே பிளாக்செயின் என்ற பொதுக் கணினிப் பதிவேட்டில் ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் இருக்கிறது. தன்னைத்தானே நிறைவேற்றிக்கொள்ளும் ஒப்பந்தம் அது. நோயாளி விரல் வைத்துச் சம்மதித்தால் கோப்பு அந்த நொடியே திறக்கும். இல்லாவிட்டால் தலைமை மருத்துவர் வந்து கேட்டாலும் திறக்காது. ஒப்பந்தத்தின் பிரதி எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பதால் தனியாக யாரும் திருத்தவும் முடியாது.

அக்கா இதை விளக்கும் விதம் வேறு. "என் மாமியாரக்கூட அழுது சமாளிச்சிடலாம். இதுகிட்ட அழவும் முடியாது, கால்ல விழவும் முடியாது."

விரலைப் பார்த்துத் தொழில் சொல்வதில் தன்னைப் பெரிய கெட்டிக்காரியாக நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒருமுறை வெங்காய வாசனையை வைத்து, "ஓட்டல்ல சமையலா?" என்று கேட்டாராம். வந்தவர் நீதிபதி. "வீட்டுல" என்று அவர் மெதுவாக ஒப்புக்கொண்டாராம்.

நான் வரிசையில் நின்ற அன்று ஒரு கொத்தனாரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். குடல்வால் வெடிக்கும் நிலை. உடனே அறுவை செய்ய வேண்டும். ஆனால் போன வருடம் வேறொரு மருத்துவமனையில் கொடுத்த மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் அவருக்கு மூச்சே நின்றுபோயிருந்தது. என்ன மருந்து என்று டாக்டர் கேட்டார்.

"வெள்ளையா இருந்துச்சுங்க" என்றார் கொத்தனார்.

மருந்தின் பெயர் அந்த மருத்துவமனைக் கோப்பில்தான் இருந்தது. அங்கே போன் செய்தால், "அவர் விரல் வைக்காம எங்களாலயும் திறக்க முடியாதுங்க" என்றார்கள்.

கொத்தனார் ரேகைக் கருவியின் கண்ணாடியில் வலது கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஆள்காட்டி விரல். அதுவும் சிவப்பு. மூன்றாவதும் தவறினால் கோப்பு மறுநாள்வரை பூட்டிக்கொள்ளும்.

"போன வருஷம் எந்த விரலப் பதிஞ்சீங்க?"

"எல்லாத்தையும் வச்சுப் பாத்தாங்கம்மா. ஏதோ ஒண்ணுதான் ஒத்துக்குச்சு."

"கல்யாண நாளே ஞாபகம் இல்லாத ஆளு. விரலா ஞாபகம் இருக்கப்போகுது" என்று மனைவி அழுதுகொண்டே திட்டினார்.

அக்கா அவர் கைகளை விளக்குக்கு நேரே திருப்பினார். சிமெண்ட் பட்டுப் பத்து விரலும் வெடித்துக் கிடந்தன. எதில் ரேகை மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. சட்டென்று ஸ்கேலை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இதுதான் கரண்டி. அந்தச் சுவரப் பூசுங்க."

"என்னம்மா விளையாட்டு இது?" என்றார் டாக்டர்.

"ஒரு நிமிஷம் சார். எந்த விரல் சிமெண்ட்ல அதிகம் படாதுன்னு பாக்கணும். அதுலதான் ரேகை மிச்சம் இருக்கும். அண்ணே, இடது கை?"

"அதுல செங்கல்லு பிடிப்பேன்மா. அஞ்சு விரலும் படும்."

படுத்தபடியே, முனகிக்கொண்டே, அவர் காற்றைப் பூசத் தொடங்கினார். இரண்டு இழுப்பில் தொழில் வந்துவிட்டது. "இங்க கொஞ்சம் மேடா இருக்கு" என்று மருத்துவமனைச் சுவரில் குறை கண்டுபிடித்தார். நான்கு விரல்கள் ஸ்கேலை இறுக்கியிருந்தன. சுண்டு விரல் மட்டும் விறைப்பாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"டீ குடிக்கும்போதும் அப்படித்தான் நீட்டிக்குவாரு. ராஜா பரம்பரைன்னு கிண்டல் பண்ணுவேன்" என்றார் மனைவி. அழுகை பாதியில் நின்றிருந்தது.

அக்கா அந்த விரலைத் துடைத்தார். ஒருமுறை டாக்டரைப் பார்த்தார், ஒருமுறை மனைவியைப் பார்த்தார். பிறகு விரலை மெல்ல எடுத்துக் கண்ணாடியில் வைத்தார்.

பச்சை.

வரிசையே கைதட்டியது. டாக்டர் திரையில் மருந்தின் பெயரைப் படித்துக்கொண்டே ஓடினார். ஸ்ட்ரெச்சரைத் திருப்பினார்கள். அடுத்த டோக்கன்காரர் ஜன்னலில் குனிந்து பார்த்தால் நாற்காலி காலி. அக்கா அறுவை அறை வாசல்வரை ஸ்ட்ரெச்சருடன் போய்க்கொண்டிருந்தார், கொத்தனாரின் சுண்டு விரலை மட்டும் தன் கைக்குள் பொத்திப் பிடித்தபடி.