மூன்று 'சாரி'

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மொழிபெயர்ப்பாளனுக்கு இடியோடு ஏச்சும் உண்டு. இரண்டு துரைகளுக்கு நடுவே நின்று பிழைத்தவர்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிங்கப்பூரை ஜப்பான்காரன் ஆண்டபோது பள்ளியில் அடிவாங்கிப் படித்த பாஷை, அறுபதுகளில் ஜூரோங் கப்பல் பட்டறையில் எனக்குச் சோறு போட்டது.

பீப்பாய்

எங்கள் ஆபீசின் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், யாழ்ப்பாணத்துக்காரர். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே ஜப்பானியச் சொல் என்று பட்டியல் டைப் அடித்து வைத்திருந்தார். கேண்டீன் சுடுதண்ணீர்ப் பீப்பாயில் 'வாட்டர்' என்று ஜப்பானியத்தில் எழுதச் சொன்னார். பட்டியலில் இருந்தது 'மிசு'. அது பச்சைத் தண்ணீர், சுடுதண்ணீர் என்றால் 'ஒயு' என்றேன். "தண்ணி எண்டா தண்ணிதானே, பட்டியலில கிடக்கிறதை எழுதும்" என்றார். முடியாது என்றேன். அவரே பார்த்து எழுதி ஒட்டினார்.

மறுநாள் ஜப்பானிய இன்ஜினியர் தாகத்தோடு வந்து, ஒரு குவளை பிடித்து வாயில் ஊற்றித் துள்ளினார். கிராணி அசரவில்லை. "அப்ப பிழை இங்கிலீசிலதான். என்னில இல்லை."

ஒரே 'யூ'

அந்த இன்ஜினியர் எங்கள் ஆட்களை 'ஒமயே' என்பார். ஆங்கிலத்தில் அதுவும் 'யூ', மரியாதையான 'அனாதா'வும் 'யூ'. நான் தமிழில் உள்ளபடி "டேய்" என்றே சொன்னேன். வெல்டர் கோவிந்தசாமி வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். மத்தியானத்துக்குள் இன்ஜினியர் 'கோவிந்தசாமி-சான்' என்று மரியாதையாக அழைக்கப் பழகிக்கொண்டார். கிராணி என்னைத் தனியே கூப்பிட்டார். "இன்னொருக்கா இப்பிடிச் செய்தா உமக்கு இங்க வேலை இல்லை."

மன்னிப்பு

இன்னொருக்காவும் வந்தது. கப்பலில் ஒரு தகடு இடம் மாறிவிட்டது. தவறு வரைபடத்தில், வரைந்தவர் இன்ஜினியர். ஆனாலும் கோவிந்தசாமி 'சாரி' சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார் கிராணி. என் கையில் மூன்று 'சாரி' இருந்தன. குற்றம் முழுக்க என்னுடையது என்று தலைகுனியும் 'மோஷிவாகே'. பஸ்ஸில் காலை மிதித்தால் சொல்லும் 'சுமிமாசென்'. வருத்தம்தான், ஆனால் செய்தது நானில்லை என்னும் 'சன்னென்'.

கோவிந்தசாமி ஆங்கிலத்தில் 'சாரி' என்றார். இன்ஜினியர் என் வாயிலிருந்து முதலாவதுக்குக் காத்திருந்தார். நான் மூன்றாவதைச் சொல்லி, வரைபடத்தையும் அவர் முன் விரித்தேன். பார்த்தார், முகம் சிவந்தது. கோவிந்தசாமியிடம் "சுமிமாசென்" என்று முனகிவிட்டு நடந்தார். எந்த 'சாரி' என்று கோவிந்தசாமிக்கு விளக்கினேன். "பஸ் சாரியா? பரவால்லண்ணே, வேலை போகலல்ல, அது போதும் லா."

அந்த மாதக் கடைசியில் எனக்கு வந்த வேலைநீக்கக் கடிதத்தில் கிராணி 'சாரி' என்று டைப் அடித்திருந்தார். மூன்றில் எது என்று கேட்டு எழுதினேன், இன்னும் பதில் இல்லை.